மணவறைப் புகையும் உன் வலது கண்ணும்

கீர்த்தி மகளுக்கு,

நீ என்னோடு பேசாமல் இருக்கிறாய். காலையில் தேத்தண்ணீரை மேசையில் வைத்தபோது கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். உன் வலது கண்ணை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று தலையைச் சாய்த்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதனால்தான் கடையில், மதிய மழைக்கு ஆள் வராத இந்த நேரத்தில், லென்ஸ் போடக் கற்றுக்கொடுக்கும் சின்ன மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். உன் வலது கருவிழியின் ஓரத்தில் புண். ஆறும்வரை லென்ஸைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். முகூர்த்தத்துக்கு மட்டும் ரெண்டு மணித்தியாலம் போட்டுக்கொள்கிறேன் என்று நீ சொல்கிறாய். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

"நீ அம்மா மாதிரி பயப்படல, சின்னப் புள்ள மாதிரி பயப்படுற" என்று நேற்று சொன்னாய். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உன்னைவிட நான் பத்தொன்பது வயதுதான் மூத்தவள். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பழக்கடைக்காரர் இன்னும் "அக்காவும் தங்கச்சியும் எங்க போறீங்க" என்று கேட்கிறார், நீ அதற்கு வாய்விட்டுச் சிரிப்பாய். உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் படித்தவள் நான். பயப்படுவது எப்படி என்று பக்குவமாகக் கற்றுக்கொள்ள எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தால் நானும் உன்னோடு சேர்ந்து அழுவேன். ஆனால் கண் விஷயத்தில் என் பயம் சின்னப்பிள்ளைப் பயமல்ல. இத்தனை வருடம் இந்த மேசையில் உட்கார்ந்து மனிதர்களின் கண்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவளின் பயம்.

என் வேலை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். லென்ஸ் வாங்க வருகிறவரை எதிரே கதிரையில் உட்கார வைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, இமையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, விரல் நுனியில் இருக்கும் அந்தத் துளி பிளாஸ்டிக்கைக் கண்ணுக்குள் வைக்கக் கற்றுக்கொடுப்பது. கொரோனாவுக்கு முன்னால் அநேகமாகப் பெண்கள்தான் வருவார்கள். கல்யாணப் பெண்கள், நடன அரங்கேற்றம் செய்கிற பிள்ளைகள். பயத்தில் கதிரையோடு பின்னால் சாய்வார்கள், பிறகு சிரிப்பார்கள். அப்புறம் ஊரடங்கு வந்தது. ஒலிபெருக்கி கட்டின வாகனம் தெருத்தெருவாகப் போய், கண்ணைத் தொடாதே, மூக்கைத் தொடாதே, வாயைத் தொடாதே என்று மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டு போனது. மனிதர்களைக் கண்ணைத் தொட வைப்பதே என் வேலை. ஜன்னலில் நின்று அதைக் கேட்டபோது, இனி இந்தத் தொழில் உலகத்தில் இருக்காது என்றுதான் நினைத்தேன்.

கடை திரும்பத் திறந்தபோது இந்த மேசைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா வந்து உட்கார்ந்தார். வருடக்கணக்காக லென்ஸ் போட்டவர். பழைய கண்ணாடிச் சட்டம் ஒன்றை எடுத்துவந்து, "இதுக்குப் புதுசா கண்ணாடி போட்டுத் தாங்க மிஸ், இனி லென்ஸ் வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். "நாளெல்லாம் காசு வாங்குற கை மிஸ் இது. இந்தக் கைய நானே நம்ப மாட்டேன். கண்ணுக்குள்ள எப்பிடி வைக்கிற?" அவரைப் போல நிறையப் பேர் அந்த வருடம் லென்ஸை விட்டார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. வேறு சிலர் அதே நோய்க்குப் பயந்து நேர்மாறாக வந்தார்கள். மாஸ்க் போட்டால் மூச்சுக் காற்று மேலே ஏறிக் கண்ணாடி முழுக்கப் பனி பிடிக்கும் அல்லவா. ஒரு தாதி வந்தார், மூக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டிய அடையாளம் புண்ணாகியிருந்தது. "ஊசி போடுற எடம் தெரியல மிஸ். நாள் பூரா பனிமூட்டத்துல நடக்குற மாதிரி இருக்கு." அவருக்குக் கற்றுக்கொடுத்த நாளில், விரிப்பைத் தூக்கிவிட்டு அவர் முகத்துக்குக் கிட்டே குனிய வேண்டியிருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். நானும் அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறேனோ என்று அன்று பஸ்ஸில் கையைத் தொடையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது.

உனக்கும் அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். நான் பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். அப்பா திரைச்சீலைக் கம்பியின் நுனியில் துவாயைத் தொங்கவிட்டு நீட்டுவார். "மகாவலியில மீன் பிடிச்சாக்கூட இவ்வளவு தூரத்துல நிக்க மாட்டேன். ஒங்கம்மாவப் பிடிக்கத்தான் இம்புட்டு நீளக் கம்பி" என்பார். நீ ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரிப்பாய். நான் சிரிக்க மாட்டேன். ஒரு தும்மல் வந்தால்கூட உன்னைப் பக்கத்தில் வரவிடாமல் விரட்டினேன். அவ்வளவு கவனமாக இருந்த என் கண்ணுக்கு முன்னால்தான் இந்தக் கண் ஆபத்து வீட்டுக்குள் வந்தது.

உன் உயர்தரப் பரீட்சைக்கு முந்தின மாதம், வகுப்பில் வைத்த மாதிரிப் பரீட்சை முடிந்து அழுதுகொண்டு வந்தாய். "கேள்வித்தாளே தெரியல மா. தொடைக்கிறேன், திரும்பப் பனி புடிக்குது. தொடைக்கிறதுலயே நேரம் போயிருச்சு." சவர்க்காரம் தடவிக் கழுவிப் பார்த்தோம், மாஸ்க்கின் மேல்விளிம்பில் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தோம், உன் மூச்சு எதற்கும் அடங்கவில்லை. மைனஸ் ஏழரைக் கண்ணாடி, கழற்றிவிட்டும் எழுத முடியாது. கடைசியில் நான்தான் இந்தக் கதிரையில் உன்னை உட்காரவைத்து லென்ஸை வைத்தேன். மூன்று தரம் கையைக் கழுவிக்கொண்டேன். மற்ற யாருக்கும் ஒரு தரம்தான் கழுவுவேன். நீ கண்ணைச் சிமிட்டிவிட்டு வாசலுக்குப் போய், "எல்லாம் பெருசாத் தெரியுது மா. பஸ் போர்டு எல்லாம் கிட்ட வந்திருச்சு" என்றாய். கட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும், அதனால் உலகத்தின் அளவையே நீ அன்றுதான் பார்த்தாய். பரீட்சை நன்றாக எழுதினாய். அந்த லென்ஸைத் தந்ததற்காக நான் இப்போதும் வருத்தப்படவில்லை.

வருத்தப்படுவது வேறொன்றுக்கு. அடுத்த ஊரடங்கில் கடை நீண்ட நாள் பூட்டிக் கிடந்தது. லென்ஸ் ஊறவைக்கும் மருந்துத் தண்ணீர் வீட்டில் ஒரு போத்தல்தான் இருந்தது, அதிலும் பாதி. நீ லென்ஸ் டப்பியில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டப் போனாய். "கொட்டாத, மேல கொஞ்சம் ஊத்திக்க. எப்ப கிடைக்குமோ" என்று நான் சொன்னேன். பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் வெளிநாட்டுச் சாமான் வராத காலம் வந்தது, கடையிலேயே அலுமாரித் தட்டு காலியாகக் கிடந்தது. ஒரு மாதம் போட வேண்டிய லென்ஸை நாலு மாதம் போட்டவர்கள் எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் அவர்களைத் திட்டினேன். வீட்டில் நீயும் அதைத்தான் செய்தாய், அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தேன். மாஸ்க் போய்விட்டது. மருந்துத் தண்ணீர் திரும்ப வந்துவிட்டது. மேலே ஊற்றிக்கொள்ளும் பழக்கம் மட்டும் உன் கையில் தங்கிவிட்டது. இப்போது வருகிறவர்களிடம் கை கழுவச் சொன்னால், "இன்னும் கொரோனா முடியலையா மிஸ்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்குச் சிரிப்பாக இல்லை.

பெண் பார்க்க அவர்கள் தெல்தோட்டையிலிருந்து வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் அம்மா உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "புள்ளைக்குக் கண்ணு நல்லா இருக்கு" என்றார். நான் பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தேன். அவர்கள் போன பிறகு, உன் கண்ணாடிப் பவரைச் சொல்லியிருக்கலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். "அவங்க கேட்டாச் சொல்லுவோம். பல்லு எத்தனன்னு நாம கேட்டமா?" என்றார் அவர். அவர்கள் கேட்கவில்லை. பரீட்சைக்குப் பிறகு நீ கண்ணாடியோடு வெளியே போனதேயில்லை என்பதால், கேட்க அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாலும் எனக்கு ஒரு குறுகுறுப்பு.

போன செவ்வாய்க்கிழமை நீ பேங்கிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாய். தூசு என்றாய். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சோறு சாப்பிட்டாய். டோர்ச் எடுத்து இமையை விரித்தேன். சிவப்புக்கு நடுவில், கருவிழியின் விளிம்பில், அரிசிக் குருணை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அது என்னவென்று எனக்குத் தெரியும். நீ "என்னம்மா?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல, டொக்டர்கிட்டக் காட்டிருவோம்" என்று சொல்லிக்கொண்டே டோர்ச்சை அணைத்தேன். டொக்டரம்மா கருவியில் உன் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். சிங்களத்தில்தான் கேட்டார். லென்ஸோடு தூங்குவீர்களா? பஸ்ஸில் மட்டும் என்றாய். டப்பித் தண்ணீரைத் தினமும் மாற்றுவீர்களா? "மேலே ஊற்றிக்கொள்வேன். அம்மாதான் சொன்னார்கள்" என்றாய். என்னைக் காட்டிக்கொடுப்பதற்காக நீ அதைச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். "இப்போது ஓரத்தில் இருக்கிறது. ஓரத்திலேயே ஆறினால் தழும்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. நடுவுக்கு வந்தால் பார்வையை மறைக்கும்." மணித்தியாலத்துக்கு ஒரு சொட்டு. கல்யாணத்தன்றும் விடக்கூடாது. புகையில் கவனம். லென்ஸ் வேண்டவே வேண்டாம், நல்ல கண்ணுக்கும் வேண்டாம். அன்றிலிருந்து அந்தப் புள்ளிதான் எனக்கு நாளும் பொழுதும். காலையில் அது ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது. இன்று நீ பார்க்கவிடவில்லை.

நேற்றுச் சண்டைக்கு அலங்காரம் செய்ய வந்த அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள். "கண்ணாடியோட மணவறையில உக்காந்தா போட்டோவுல கண்ணு தெரியாது அக்கா, ரெண்டு பல்புதான் தெரியும்." நீ அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்று உன் கட்டிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாய். "என் கண்ணு கடுகு மாதிரி ஆயிருது பாரு" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "அவங்க வீட்டுல ஒருத்தரும் என்னைய இப்பிடிப் பாத்ததில்ல மா. நீதானே மறைச்ச. இப்ப மணவறையில வச்சுத்தான் காட்டணுமா? ரெண்டு மணித்தியாலந்தானே" என்றாய். பதிலுக்குப் பதில் கத்தினேன். "கண்ணு போனா அவங்க வீட்டுல வச்சுப் பாப்பாங்களா" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டாய்.

ரெண்டு மணித்தியாலத்தில் என்ன நடக்கும் என்று கேட்கிறாயே, அதைச் சொல்கிறேன். புண்ணின் மேல் லென்ஸ் மூடியாக உட்காரும். சொட்டு மருந்து உள்ளே போகாது. ஓமத்தில் நெய் விடும்போது எழும்புகிற புகை நேராக உன் முகத்துக்குத்தான் வரும், கண் நீர்க்கும், லென்ஸ் அந்தப் புள்ளியின் மேல் உராயும். நீ துடைக்கவும் முடியாது, கையில் மருதாணி, விபூதி, குங்குமம், வருகிறவர்கள் பிடித்துக் குலுக்குகிற கை. அந்த மடவளை நானா விரித்துக் காட்டினாரே, அந்த மாதிரிக் கை. ஒன்றும் நடக்காமலும் போகலாம் மகள். ஆனால் நடந்துவிட்டால், முப்பது வருடம் கழித்து அந்தப் போட்டோவை எடுத்து எந்தக் கண்ணால் பார்ப்பாய்?

உன்னிடம் கேட்காமல் இன்று காலை ஒரு காரியம் செய்தேன். மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன். நேரம் கிடைத்தால் கடைக்கு ஒருக்கா வந்துவிட்டுப் போங்கள் தம்பி என்று மட்டும் சொன்னேன். இதற்கு மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டார், நனைந்துகொண்டு. பேனாவை வைத்துவிட்டு, இந்தக் கதிரையில் உட்காரச் சொன்னேன். கல்யாணத்தை நிறுத்தப் போகிற சொல்லை நானே சொல்கிறேனோ என்று பயந்து, மேசையில் இருந்த போத்தல்களை அடுக்கத் தொடங்கினேன். "என்ன அத்தை? கீர்த்திக்கு ஏதாச்சும்?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். புண்ணை, லென்ஸை, பலகாரத் தட்டை நகர்த்தி வைத்ததை.

"பவர் எவ்வளவு அத்தை?" என்று கேட்டார்.

"மைனஸ் ஏழரை."

அவர் நெற்றியில் வடிந்த மழைத்தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். பிறகு, "அப்ப லென்சும் இல்லாம, கண்ணாடியும் இல்லாம மணவறையில உக்காந்தா, பக்கத்துல இருக்கிறது நான்தானா, இல்ல ஐயரான்னே அவளுக்குத் தெரியாதே" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "கோவப்படுவாங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றார். கோபப்பட மாட்டார்கள் என்று சொல்லவில்லை. பொய் சொல்லாத பிள்ளை என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவர் அம்மா இனி உன் கண்ணைப் பற்றி என்ன சொல்வார் என்று தெரியாது. அதற்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை என்னால் தாங்க முடியும்.

மணவறையில் உட்கார்ந்திருக்கும்போதும் சொட்டு விட வேண்டுமே, யார் விடுவது என்று அவரே கேட்டார். நான் எழும்பி வந்து விட்டால் கூட்டம் முழுக்க என்னவோ ஏதோ என்று கழுத்தை நீட்டும். "நான் விட்டா?" என்றார். கையைக் கழுவச் சொன்னேன். கழுவினார். இன்னொரு தரம் கழுவச் சொன்னேன், "மாமா சொன்னது சரிதான் அத்தை, ஒங்ககிட்ட கம்பி வச்சுத்தான் பேசணும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி கழுவினார். அப்பா அந்தக் கம்பிக் கதையை அவரிடமும் சொல்லிவிட்டார் போல. வெறும் உப்பு நீர்ச் சொட்டுப் போத்தல் ஒன்றைக் கொடுத்து, கீழ் இமையை எப்படி இழுப்பது, போத்தலின் நுனி கண்ணில் படாமல் எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். என் கண்ணில்தான் பழகினார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார். மூன்றாவது சரியாக உள்ளே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வேட்டி மடிப்பில் உன் மருந்துப் போத்தலை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஐயரிடம் நான் பேசிவிட்டேன், காய்ந்த விறகாகப் பார்த்து, புகை குறைவாக வளர்க்கச் சொல்லியிருக்கிறேன். "ஒங்களுக்காக ஓமத்த கரண்ட்லயா வளர்க்குறது?" என்று ஐயர் கேட்டார், இருந்தாலும் சரி என்றார்.

உன் லென்ஸ் டப்பி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. காலையில் அதைக் கையில் எடுத்தேன், எறிந்துவிடலாம் என்று. எறியவில்லை. கண்டி டவுனில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நீ இன்னொரு சோடி வாங்கிவிடுவாய். நீ என் கைக்கு எட்டாத வீட்டுக்குப் போகிறாய். எத்தனை டப்பியை நான் எறிய முடியும்? அங்கே உன் கண்ணுக்கு உன் கைதான் காவல். அந்தக் கைக்கு நான் ஒரு கெட்ட பழக்கத்தைப் பழக்கிவிட்டேன், அதை நீதான் மாற்ற வேண்டும். ஆறின பிறகு திரும்ப லென்ஸ் போடுவாய், தெரியும். போடு. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடு. ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டும்போது எல்லாரும் உன் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். நான் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மழை விட்டுவிட்டது. மாப்பிள்ளை எதிர்க்கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு, நீ வாசித்து முடிக்கும்வரை பொறுத்து மணி அடிக்கச் சொல்கிறேன். முகூர்த்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரலாமா என்று அப்பா கேட்பார், நான் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல். உறையில் போட்டு ஒட்டவில்லை. அவரும் வாசிக்கட்டும், வேறு யார் வாசித்தாலும் வாசிக்கட்டும். நான் வேலை முடிந்து வரச் சாயந்தரமாகிவிடும், அடுத்த சொட்டுக்கு இப்போதே நேரம் கிட்டிவிட்டது. அதை அவர் விடுவார். மணி அடித்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கதவைத் திற மகள். இல்லாவிட்டால் வாசலில் நிற்பது யாரென்று உனக்குத் தெரியாது.

அம்மா